வேலியோர வரிசை

வியாழன், விடிந்ததும்

அன்புள்ள நாத்தனாருக்கு,

தட்டினால் நீ திறக்க மாட்டாய் என்று இதைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். உன் வீட்டுக்காரருக்கு வேலை போனதை நான் நாலு பேரிடம் சொன்ன கோபம் உனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு ஆற அமரத் திட்டு. இப்போது அவசரம்.

நம் குடியிருப்புத் தோட்டத்தில் வேலியோரக் கீரை வரிசையைக் கஷ்டப்படுகிறவர்களுக்கென்று விட்டிருக்கிறோம். யார் பறிக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, கேட்பதுமில்லை. அதில் பூச்சி விழுந்துவிட்டது. உன் அண்ணன் கிடங்கிலிருந்து கொண்டுவந்த மூட்டைப்பூச்சி மருந்தை நேற்று மாலை அதில் அடித்துவிட்டேன். சிவப்புத் துணியும் கட்டினேன். பறிக்க வருகிறவர்கள் இருட்டில்தான் வருவார்கள், துணி தெரியாது என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் வரிசை மொட்டை.

உன் ஜன்னலுக்கு நேர் கீழேதானே? யாரையாவது பார்த்தாயா?

பயத்துடன்,
அண்ணி

வியாழன், காலை

அண்ணி,

நான் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டதே நீங்கள்தான். ஊர்ச் சேதியெல்லாம் தெரிந்த உங்களுக்கே தெரியாதது எனக்கா தெரியும்?

உப்புத் தண்ணீரில் நன்றாக அலசினால் மருந்து போய்விடுமா? வேகவைத்தால்? உடனே எழுதுங்கள்.

நாத்தனார்

வியாழன், உன் வாசலில்

என் கண்ணே,

போகாது. அலசினாலும் வேகவைத்தாலும் போகாது.

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். "நாங்க எடுக்கலை" என்று எல்லோரும் கதவைச் சாத்திவிட்டார்கள். உன் கேள்வியைப் படித்ததும் இங்கே ஓடிவந்தேன். எடுத்தது நீயா? பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாயா? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல், பதில் மட்டும் சொல்லிவிடு.

அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

நான்தான். இந்த மாதம் முழுக்க நான்தான். உங்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது, அதனால் இதையும் கதவுக்கடியிலேயே தள்ளுகிறேன்.

கீரை சட்டியில் பச்சையாகவே கிடக்கிறது. நேற்று அடுப்பில் ஏற்றியதும் சிலிண்டர் தீர்ந்துபோனது. பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். இரண்டு விறகாவது கேட்டு வாங்கலாம் என்று காலையில் கிளம்பினேன், உங்கள் சீட்டு காலில் பட்டது. அடுப்பெரிக்க வக்கில்லாததால்தான் பிள்ளைகள் பிழைத்தார்கள். கீரையை எங்கே கொட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, தொடவே பயமாக இருக்கிறது.

கதவைத் திறந்து வைக்கிறேன். உங்கள் வீட்டில் சாப்பிட என்ன இருக்கிறதோ எடுத்து வாருங்கள், அண்ணி. மூடி மறைத்துக் கொண்டுவர வேண்டாம். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் நாத்தனார்