எந்தப் பக்கத்துச் சட்டம்

பொறையார்,
ஐப்பசி மாதம்.

அன்பு மருமகள் சுடர்விழிக்கு,

அத்தை அம்சம் எழுதுவது. நானும் உன் மாமாவும் இங்கே இருக்கிறோம். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். தஞ்சாவூரில் உன் அம்மா வீட்டில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால் நீயும் பேசுவதில்லை, எனக்கும் வாய் வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

சம்பா நடவு முடிந்தது. பயிர் பச்சை பிடித்துவிட்டது என்றார்கள். வரப்பில் நின்று பார்த்தேன். பச்சையாகத்தான் இருக்கிறது.

தமிழ்மாறனின் பாய்மரப் படகு வேலையை முடித்துவிட்டோம். வார்னிஷ் அடிக்க அவன் கழற்றி வைத்த ஓரத்துத் தேக்குச் சட்டங்கள், அவனை லாரி அடித்த நாளிலிருந்து கொட்டகையில் அப்படியே கிடந்தன. மழையில் கிடந்தால் வீணாகிவிடும் என்றார் மாமா. இருவரும் உப்புத்தாளால் தேய்த்தோம், வார்னிஷ் பூசினோம், காயவைத்து மறுபடி பூசினோம். கை வலித்தது. வலி தெரிந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திரும்ப மாட்டும்போது ஓட்டை பொருந்தவில்லை. பாழாய்ப்போன பழக்கம், வீட்டுப் பக்கம் திரும்பி, டேய் தமிழு, இது எந்தப் பக்கத்துச் சட்டம்டா என்று கத்திவிட்டேன். மாமா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். பொருந்தியது.

இனி தரங்கம்பாடிக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்க வேண்டும். முகப்பில் மஞ்சள் குங்குமம் வைக்காமல் இறக்கக் கூடாது. முதல் தடவை வைத்தது நீதானே. எதிர்வீட்டுக் காளியம்மாள், நீதான் சுமங்கலியாச்சேக்கா, நீயே வெச்சிடு, அந்தப் பொண்ணக் கூப்புடாத என்றாள். உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடி என்றேன். என் பிள்ளை போன பிறகு எனக்குக் கோபம் என்று ஒன்று வந்தது அப்போதுதான்.

படகுக்கு அவன் வைத்த உன் பெயரை எழுதிய பலகையை மட்டும் இன்னும் மாட்டவில்லை. அதையும் தேய்த்து வார்னிஷ் பூசி வைத்திருக்கிறேன். திருகாணிகள் தகரச் சம்படத்தில் இருக்கின்றன. நீ வந்து மாட்டு. உன் கையால் படகுக்குக் குங்குமம் வை. வைத்த கையோடு உன் நெற்றியிலும் வைத்துக்கொள். யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தனியாக பஸ் ஏறாதே. மாமா வந்து அழைத்து வருவார்.

நீயாவது நூறு வயது இருக்க வேண்டும், தாயி.

உன் அத்தை
அம்சம்