கண் திறக்க வேண்டிய படம்

நங்கநல்லூர்
3.2.2024

அன்புள்ள ஹம்சினிம்மாவுக்கு, கோமளம் எழுதிக்கொண்டது.

அடையாறு வீடு பழகிவிட்டதா? போனில் பேசினால் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். தப்பிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். நான் அஞ்சாவதோடு சரி.

மயிலாப்பூர் கண்காட்சியில் வைத்திருந்த உங்கள் படங்களைப் பார்த்தேன். எல்லாம் நம் தெருவேதான். தண்ணி கேன் வண்டி, மாடிக்கொடியில் காயும் நைட்டி, உறை போட்ட கார் மேல் படுத்திருக்கும் பூனை. இதையெல்லாம்கூட வரைவார்களா என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், கேட்டுப் பக்கத்தில் நாற்காலியில் என் வீட்டுக்காரர். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதை விற்காமல் எனக்கே கொடுத்தனுப்பினீர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அவர் முகம் என்று என்னிடம் இருந்தது ஆதார் அட்டையில்தான். அதில் அவர் அவராகவே இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். படத்தில் அவர் தூங்குகிறார். அடுத்த மாதம் முதல் வருஷப் படையல். வாட்ச்மேன் தூங்குகிற படத்தை வைத்துக் கும்பிட்டால் சொந்தக்காரர்கள் சிரிக்கமாட்டார்களா? வேலையில் ஒரு கெட்ட பேர் எடுக்காத மனுஷன். இறந்தவர் போட்டோவில் கண் மூடியிருந்தால் ஸ்டூடியோவில் திறந்து கொடுப்பார்கள். தி. நகரில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன். "இது கையால வரைஞ்சதும்மா, நான் தொடமாட்டேன். வரைஞ்சவங்களாண்ட போ" என்று சொல்லிவிட்டார். நீங்களே திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோமளம்


அடையாறு
10.2.2024

அன்புள்ள கோமளம் அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷோடு வருகிறேன். சின்ன வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

வேலு அண்ணன் தூங்கவில்லை அக்கா. எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து தினமும் பார்த்தவள் நான். மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோடு நீங்கள் தெருமுனை திரும்புவீர்கள். அதுவரை இஸ்திரிக்காரரிடம் அரட்டை அடித்துக்கொண்டிருப்பவர், ஓடிவந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் தோளில் ஒன்று வைத்து, "யோவ், டூட்டில தூங்குறியா? சோத்த நாய்க்குப் போட்டுடுவேன்" என்று கத்துவீர்கள். அவர் திடுக்கிட்டு எழுவார். ஒருநாள் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, சொல்லிவிடாதே என்று கை காட்டினார்.

அந்த உதட்டோரம் பாருங்கள். அப்புறமும் வேண்டுமென்றால் திறந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஹம்சினி


நங்கநல்லூர்
6.3.2024

அன்புள்ள ஹம்சினிம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கு, வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.

கடிதத்தைப் படித்ததும் படத்து முன்னால் போய் நின்றேன். உதட்டோரம் பார்த்தேன். "அடப்பாவி மனுஷா, இத்தினி வருஷம் என்னை ஏமாத்திக்கினு இருந்தியா!" என்று சத்தமாகவே திட்டினேன். அவர் போன பிறகு அவரைத் திட்டியது அன்றுதான். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை தாயி. உங்கள் கை நல்லாயிருக்கட்டும்.

படையல் குறைவில்லாமல் முடிந்தது. வஞ்சிரக் குழம்பு வைத்தேன். பயந்த மாதிரியே நாத்தனார் கேட்டுவிட்டாள். "இன்னா அண்ணி, தூங்கிக்கினு கீற படத்தப் போய் மாட்டிக்கீறே?"

"தூங்கலடி, நடிக்குது" என்றேன்.

இப்படிக்கு,
கோமளம்