இரண்டு கைகளும்

மே 18, ஞாயிறு.

லீவுக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகள் இருவரையும் நானும் கமலாவும் காலையில் படகு சவாரிக்குக் கூட்டிப்போனோம். என் இடப்பக்கம் மகன் வயிற்றுப் பேரன் ஹரிஷ், வலப்பக்கம் மகள் வயிற்றுப் பேத்தி தர்ஷினி. கமலா எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் ஒரு மோட்டார் படகு உரசுகிற மாதிரி சீறிப்போனது. அந்த அலையில் எங்கள் படகு வலப்பக்கம் சாய்ந்து, தண்ணீர் உள்ளே அடித்தது.

அடுத்த நொடி பார்த்தால் ஹரிஷை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால்கூடத் தேவலை. தர்ஷினி தனியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கத்தக்கூட இல்லை.

"ஒண்ணும் ஆவாது சார், குந்துங்க" என்று படகுக்காரர் சிரித்தார். ஒன்றும் ஆகவில்லைதான்.

வீட்டுக்கு வந்ததும் கமலா சமையலறையில் வைத்துக் கேட்டாள்: "உங்களுக்கு ரெண்டு கை இருந்துதே?"

"அவன் சின்னப் பையன்" என்றேன். தர்ஷினி அவனைவிட ஆறு மாதம் இளையவள்.

சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கித்தர இருவரையும் அழைத்துப்போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. முதலில் தர்ஷினியிடம்தான் கையை நீட்டினேன்.

"நீங்க ஹரிஷைப் பிடிச்சுக்கோங்க தாத்தா" என்றாள். "நான் வந்துடுவேன்."