பஸ் நேரத்தோடு வரும் வெள்ளைத் தாள்கள்

டீச்சர்,

பிரிண்டர் இப்போதுதான் இருமி ஓய்ந்தது. முதலில் பஸ் நேரத் தாள் வந்தது. அதன் பின்னால், கூப்பிடாத விருந்தாளிகள் மாதிரி, இரண்டு வெள்ளைத் தாள்கள். காலைக் குளிரில் விரல் விறைத்துப் போயிருந்ததால் அந்த இரண்டையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். தோசைக்கல்லிலிருந்து எடுத்ததுபோல இளஞ்சூடு. "ஒண்ணும் எழுதலைன்னா என்ன டீச்சர், சூடு இருக்குல்ல?" என்று நீங்கள் சொல்வீர்களே, அது காதில் விழுந்தது.

இதற்கு முன் இப்படி வந்த தாள்களில்தான் இதை எழுதுகிறேன். இந்த வாரம் நான் அச்சடித்துப் பழகியதில் வெள்ளைத் தாள் ஒரு கட்டுச் சேர்ந்துவிட்டது. பழக்க தோஷம், ஒவ்வொன்றின் மூலையிலும் அது எத்தனையாவது பக்கமாக வந்தது என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

நான் கணக்கு, நீங்கள் அறிவியல். ஒரே பள்ளி, ஒரே ஓய்வறை, பக்கத்துப் பக்கத்து வீடு. இத்தனை வருஷத்தில் நீங்களும் என்னைப் பெயர் சொன்னதில்லை, நானும் உங்களைச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று "டீச்சர்" என்று குரல் கொடுத்தால் இரண்டு சமையலறையிலிருந்தும் "என்ன?" என்று பதில் வரும். எதற்குக் கூப்பிட்டோம் என்பதை அவர் மறந்துவிடுவார்.

ஓய்வு பெற்றதும் நான் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தேன். நீங்கள் மகன் வாங்கித் தந்த மடிக்கணினியோடு உட்கார்ந்தீர்கள். கொடைக்கானல் போகும்போதெல்லாம் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, நம் மேல்மலை ஊருக்கென்று ஒரு இணையப் பக்கத்தைச் செய்தும் விட்டீர்கள். மேலே ஊர்ப் படமும் வரவேற்புக் கட்டுரையும். அதற்குக் கீழே பிளம்ஸ் ஜாம் செய்முறை. அதற்கும் கீழே, எல்லோரும் உண்மையில் தேடி வருகிற பஸ் நேரம். கடைசியில் யூக்கலிப்டஸ் மரத்தடியில் கறுப்புக் குடையோடு நீங்கள்.

"பஸ் நேரத்தை மேல போடலாமே டீச்சர்?"

"பஸ்ஸுக்கு வர்றவங்க ஜாமையும் படிச்சுட்டுப் போகட்டும்."

"சரி, வெயில் அடிக்கையில எதுக்குக் குடை?"

"கொடைக்கானல்ல வெயிலை நம்புனவ உருப்பட்டிருக்காளா?"

பக்கம் அழகாகத்தான் இருந்தது. பார்க்கத்தான் நம் ஊரில் சிக்னல் கிடையாது. அதனால் பஸ் நேரத்தை அச்சடித்து, நிறுத்தத்தில் இருக்கும் முருகேசனின் டீக்கடைச் சுவரில் ஒட்டலாம் என்றீர்கள். முருகேசன் நம்மிடம் படித்தவர். என்னிடம் கணக்கில் தேறியதில்லை, உங்களிடம் அறிவியலில் தேறியதில்லை. அதனால் இருவரிடமும் சமமான மரியாதை.

கையால் எழுதி ஒட்டினால் போதாதா என்று கேட்டேன். அதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. மேகம் இறங்கினால் மை கரைந்து 'பழனி' பச்சைக் கண்ணீர் விடும். ஒரு தடவை எவனோ ஒரு குறும்பன் 6.40-ஐ ஒரு கோடு இழுத்து 8.40 ஆக்கிவிட்டான். பூண்டு மூட்டையோடு பாதி ஊர் நின்றது. லேசர் அச்சு கரையாது, 6 எட்டாகாது. அதுதான் உங்கள் கட்சி.

முதல் தடவை பக்கத்தை அப்படியே அச்சடித்தோம். நான்கு தாள். கட்டுரை ஒன்று, ஜாம் ஒன்று, பஸ் ஒன்று, குடை ஒன்று. முருகேசன் முதல் தாளை மட்டும் ஒட்டிவிட்டு மீதியில் பூண்டு மடித்துவிட்டார். பஸ் நேரம் பார்க்க வந்தவர்கள் "இயற்கை அன்னையின் மடியில் துயிலும் எம் ஊர்" என்பதை வாசித்துவிட்டு, பஸ் எப்போது என்று முருகேசனையே கேட்டார்கள். நீங்கள் கடைக்கே போய்ச் சத்தம் போட்டீர்கள்.

"ஏலே முருகேசா, குடுத்த தாள் எல்லாத்தையும் வரிசையா ஒட்டணும். நீயா எதையும் கழிக்கப்படாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு டீச்சர்."

விளங்கியதுதான் வினையாயிற்று.

அந்தப் பங்குனியில் டிப்போவில் முதல் பஸ்ஸின் நேரத்தை மாற்றினார்கள். திங்கட்கிழமையிலிருந்து 6.40 பஸ் 6.10-க்கே கிளம்பும். அதே திங்கட்கிழமைதான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர்வு மையம் கொடைக்கானலில். முருகேசனின் மகள் செல்வியும் அதில் ஒருத்தி. முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு. அதில் போய்ச் சேரும்போது கேள்வித்தாள் பாதி தீர்ந்திருக்கும். வாய்ச்சொல்லாகப் பரவட்டும் என்றால், சனிக்கிழமைக்குள் ஊரில் மூன்று நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பால்காரர் 6.20 என்றார். கோயில் பூசாரி பஸ்ஸே இல்லை என்றார். தோட்டத்து வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் ஞாயிறு சாயங்காலம் பால் ஊற்ற வரும்போது சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஞாயிறு மத்தியானம் நீங்கள் சபதம் எடுத்தீர்கள். பஸ் நேரம் மட்டும். வேறு ஓர் எழுத்தும் தாளில் வரக்கூடாது.

அதற்கு வழி இருக்கிறது என்று எனக்கு விளக்கினீர்கள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். என்ற கட்டளைகளுக்கு நடுவே 'மீடியா பிரிண்ட்' என்று ஒரு பகுதி எழுதலாம். திரையில் பார்க்கும்போது அது தூங்கும். அச்சடிக்கும்போது மட்டும் விழிக்கும். "அட, இன்ஸ்பெக்டர் ஜீப்பு மேட்டுல தெரிஞ்சாத்தான் நம்ம ஸ்கூல்ல சட்டமெல்லாம் முழிக்குமே, அது மாதிரியா?" என்றேன். "அதேதான்" என்றீர்கள். அதன்பிறகு எனக்கு சி.எஸ்.எஸ். மேல் இருந்த பயம் போய்விட்டது.

பக்கம் முழுவதற்கும் 'டிஸ்ப்ளே நன்', அதாவது எதுவும் கிடையாது என்று எழுதினீர்கள். அடுத்த வரியில், பஸ் அட்டவணை மட்டும் தெரியட்டும் என்று எழுதினீர்கள். அச்சு கொடுத்தோம். வெள்ளைத் தாள். திருப்பிப் பார்த்தீர்கள். அந்தப் பக்கமும் வெள்ளை. நான் மை தீர்ந்துவிட்டது என்று டோனரைக் கழற்றிக் குலுக்கினேன். சேலை கறுத்ததுதான் மிச்சம்.

"ஒரு தேத்தண்ணி போடுங்க டீச்சர், யோசிப்போம்" என்றீர்கள். உங்கள் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சொத்து அந்த ஒரு சொல். அதை நீங்கள் கடைசிவரை டீ ஆக்கவே இல்லை.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் எனக்குப் பட்டது. "டீச்சர், நீங்க பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுட்டீங்க. கேட்டைப் பூட்டியாச்சு. அப்புறம் பத்தாங்கிளாஸ் மட்டும் வந்து வாசின்னா, அதுங்க எங்க உக்காரும்?"

நீங்கள் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். "அப்ப லீவு வேண்டாம். எல்லாரும் பெஞ்சுலயே இருக்கட்டும். வாயை மட்டும் மூடச் சொல்லுவோம். பத்தாங்கிளாஸ் மட்டும் சத்தமா வாசிக்கட்டும்." அப்படியும் ஒரு கட்டளை இருந்தது, 'விசிபிலிட்டி ஹிடன்'. எல்லாம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் ஒன்றை மட்டும் தெரியச் சொன்னால் அது தெரியும்.

"மறைக்கிறது வேற, இல்லாம ஆக்குறது வேற டீச்சர். இத்தனை நாள் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க" என்றீர்கள்.

அச்சு கொடுத்ததும் பிரிண்டர் தாள்களைக் கவிழ்த்துத் துப்பியது. அது துப்பி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. வாசலில் முருகேசன், தூறலில் நனைந்துகொண்டு நின்றார். "டீச்சர், வெரசாக் குடுங்க. பால் ஊத்த ஆள் வர்ற நேரம்."

"ஒரு தடவை பாத்துருவோமே" என்று நான் சொன்னேன். இருட்டில் என்ன பார்ப்பது? கட்டாகக் கொடுத்துவிட்டீர்கள். "வரிசையா ஒட்டணும், ஞாபகம் இருக்கா?" என்று வேறு கேட்டீர்கள். அவர் கட்டை ஜெர்கினுக்குள் செருகிக்கொண்டு ஓடினார்.

கரண்ட் திரும்பி வந்ததும், நமக்கென்று ஒரு பிரதி எடுத்தீர்கள். முதல் தாள் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதில் பஸ் நேரம் கொட்டை எழுத்தில் வந்தது. நான்காவது மறுபடி வெள்ளை. வாயை மூடிய பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, டீச்சர். கட்டுரையும் ஜாமும் தங்கள் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

"மேல வெள்ளையா இருக்கேன்னு கட்டோட தூக்கிப் போட்டிருந்தான்னா?" என்று கேட்டீர்கள். கேட்கும்போதே குடையைக் கையில் எடுத்துவிட்டீர்கள். செல்வி இரண்டு வருஷம் உங்கள் வீட்டுக்கு வந்து தாவரவியல் படித்துப் போன பிள்ளை. உடனே கடைக்குக் கிளம்பினோம். கேட்டுக்கு வெளியே காட்டுமாடு நின்றது. நீங்கள் குடையை விரித்துக் காட்டினீர்கள். அது நகர்வதாக இல்லை. குடையைத்தான் ஆர்வமாகப் பார்த்தது. உள்ளே வந்துவிட்டோம்.

மறுநாள் வெள்ளனே எழுந்து, முக்காடு போட்டுக்கொண்டு போனோம். மேகத்தில் முன்னால் போகிற உங்கள் செருப்புச் சத்தம்தான் எனக்கு வழி. நாம் நிறுத்தத்தை அடைந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. டீசல் வாடை மட்டும் இருந்தது.

சுவரில் நான்கு தாளும் வரிசையாக, பசை வழிய ஒட்டியிருந்தன. வெள்ளை, வெள்ளை, பஸ் நேரம், வெள்ளை.

"முருகேசா, பிள்ளைக?"

"எல்லாம் ஏறிருச்சு டீச்சர். செல்வி அஞ்சரைக்கே வந்து நின்னுக்கிட்டா."

நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். அங்கிருந்தே சுவரைக் காட்டிக் கேட்டீர்கள். "ஏலே, வெள்ளைத் தாளை எதுக்குலே ஒட்டுன?"

"நீங்கதான டீச்சர் எதையும் கழிக்காதன்னீங்க?"

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம? ஊரே கேட்டுச்சு. மொத ரெண்டு தாளு பஸ் வர்றதுக்கு முன்னாடி, கடைசித் தாளு கடைசி பஸ் போனப்புறம்னு சொன்னேன். நான் ஒட்டுன நோட்டீஸை இதுவரைக்கும் எவன் டீச்சர் படிச்சான்? நேத்து வெள்ளைத் தாளப் பாத்துட்டு, என்ன ஏதுன்னு ஒருத்தர் விடாம நின்னு படிச்சுட்டுப் போனாங்க."

நீங்கள் சிரித்த சிரிப்பில் டீ புரையேறி, முதுகில் நான் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் அட்டவணையை 'முன் பெஞ்சுக்கு' இழுத்தீர்கள். தாளின் உச்சியில், இடது ஓரத்தில் போய் நில் என்று ஒரு கட்டளை. பஸ் நேரம் முதல் தாளுக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் இரண்டு வெள்ளைத் தாள்கள் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. ஒன்று ஜாம், இன்னொன்று குடை. "இதையும் சரி பண்ணுங்களேன், தாள் வீணாகுது" என்று கேட்கும்போதெல்லாம், "அது பாட்டுக்குக் கெடக்கு, விடுங்க டீச்சர்" என்பீர்கள்.

போன ஐப்பசி மழையில், ஒரு காய்ச்சலில், வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் மலை ஏறி வரவில்லை. மடிக்கணினியையும் பிரிண்டரையும் உங்கள் மகன் என் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். நான் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தேன்.

இந்த வாரம் பஸ் நேரம் மறுபடி மாறியது. முருகேசன் வாசலில் வந்து நின்றார். "டீச்சர்" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து "என்ன?" வருமோ என்று இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம். அப்புறம் நான்தான் "என்ன?" என்றேன்.

துண்டை எடுத்தேன். நேரத்தை மாற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கணக்கு டீச்சருக்குத் தாள் வீணாவது பொறுக்குமா? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வழியைக் கண்டுபிடித்தேன். பள்ளி முழுவதற்கும் லீவு விடாமல், கட்டுரைக்கு, ஜாமுக்கு, குடைக்கு என்று வேண்டாததற்கு மட்டும் தனித்தனியாக லீவு. ஒரே தாள். சுத்தமாக வந்தது. பெருமையோடு கடைக்குக் கொண்டுபோனேன்.

முருகேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மத்த ரெண்டு எங்க டீச்சர்?"

"அது வேண்டியதில்ல. சரி பண்ணிட்டேன்."

"என்னத்தைச் சரி பண்ணுனீங்க? வெள்ளைத் தாளு இல்லாம ஒட்டுனா ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. முந்தா மாசம் ஏதோ வெளாட்டுப் பயக ஒரு டைம் ஒட்டுனானுக. வெள்ளை ரெண்டும் இல்லன்னதும் கெழவிகளே, இது டீச்சரோடது இல்லன்னு கிழிச்சுப் போட்டுருச்சுக. அந்த ரெண்டும்தான் டீச்சர் முத்திரை."

வீட்டுக்கு வந்து திரையைத் திறந்தேன். நான் எழுதிய மூன்று வரியும் கண்ணில் பட்டன. கட்டுரை, இல்லை. ஜாம், இல்லை. குடை, இல்லை. என் கையாலேயே எழுதியிருந்தேன். அழித்துவிட்டு, நீங்கள் எழுதியதையே திரும்ப வைத்தேன். எல்லோரும் பெஞ்சிலேயே இருக்கட்டும்.

அதுதான் இன்று காலை அச்சடித்தது. இனி நேரம் மாறும்போதெல்லாம் மூன்று தாளும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். பசை முருகேசனுடையது. செல்வி மதுரையில் நர்சிங் படிக்கிறாள், லீவுக்கு வந்தால் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாளாம்.

இந்தத் தாளின் மூலையில் 3 என்று இருக்கிறது. எழுதிக்கொண்டே அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டேன். இதற்குக் கீழேதான் மரமும், கறுப்புக் குடையும், நீங்களும். அதன்மேல் எழுத மாட்டேன் டீச்சர். அந்த இடத்தை விட்டுவிடுகிறேன்.