கூட்டாத ஐந்தரை மணித்தியாலம்

சனிக்கிழமை, இரவு.

மாகாண விஞ்ஞானப் போட்டியில் பேத்தி யாழினி தோற்றுவிட்டாள். பிழை என்னுடையது.

துறைமுக நீர்மட்டத்தை இணையத்திலிருந்து எடுத்து வரைபு போட்டிருந்தாள். ஓர்ஸ் ஹில் குன்றுக்குக் கீழே, கரையில் தானே அளந்ததையும் அதில் குறித்திருந்தாள். இரண்டும் ஒத்துவரவில்லை. "தண்ணி ஏறினதைக் கண்ணால பார்த்தனான், அம்மப்பா" என்றாள். துறைமுகத்துக் கருவி பொய் சொல்லாது, உன் அளவுகளை எடுத்துவிடு என்றேன். கணித ஆசிரியனாக இருந்தவன் சொல்வதென்று எடுத்துவிட்டாள்.

நடுவர் ஒன்றுதான் கேட்டார். "இணையத்தில இருக்கிறது கிறீன்விச் நேரமெல்லோ? எங்கட நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினனீங்களோ, பிள்ளை?"

"இல்லை சேர். நான் கவனிக்கேல்லை."

நான் பின்வரிசையில் இருந்தேன். எழும்பி, அவள் அளந்ததை எடுக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். எழும்பவில்லை.

பஸ்ஸில் அவள் மெதுவாக, "அம்மாவிட்ட நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. நான் விட்ட பிழையாவே இருக்கட்டும்" என்றாள். ஓம் என்றேன். யோசிக்காமல் உடனே சொன்னேன் என்பதுதான் வதைக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் மகள் அவளை ஏசினாள்: "வீட்டில கணக்கு வாத்தியாரை வைச்சுக்கொண்டு இப்பிடியும் ஒரு பிழையோ?"

யாழினி சிரித்தாள். நான் சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் சொதி கேட்டேன்.