புகைக் கொட்டகையில் கூப்பிட்ட பெயர்

ஏப்ரல் 9, புதன்

அன்பு மகள் ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே அந்த அனல் ஊரில் நீயும் டேரலும் உன் வயிற்றில் இருப்பவளும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையில் அடுப்பு மூட்டும்போதே கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், நீ நடுவில் பேசுகிறாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன். எனக்கு நாலாம் வகுப்பு எழுத்துதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஞாபகத்தில் பிழை இருக்காது. முதலில் அன்றைக்கு இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. போன நவம்பர் பதினாலு, வியாழக்கிழமை. வேன் ஓட்டியது உன் மாமா மகன் கிளிஃப்டன். அவன் பக்கத்தில் அவன் அப்பா, என் தம்பி, நம் குலத்து வீட்டுக்குத் தலைவர் எல்மர். பின்னால் டெக்சஸிலிருந்து வந்த ஹோவர்டும் அவர் மனைவி ஜூடித்தும். அவர்களுக்குப் பின்னால் ஒஹாயோவிலிருந்து தனியாக வந்த வினிஃப்ரெட் என்கிற அம்மாள், பெயரைக் கேட்டால் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்ட ஒரு தாடிக்காரர். கடைசி இருக்கையில் நான். மொத்தம் ஏழு பேர்.

கிளிஃப்டன் இந்த வேன் வேலையைப் பிடித்து இரண்டு வருஷம் ஆகிறதே, ஆறு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கழுகு காட்டுவான், கரடி காட்டுவான், நம் வீட்டுச் சின்னங்கள் செதுக்கின கம்பங்களைக் காட்டுவான், கடைசியில் புகைக் கொட்டகையில் மீன் அறுக்கிறதைக் காட்டிக் கூட்டிப்போவான். மீன் அறுத்துக் காட்டுகிறவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். காலையிலேயே வந்து வாசலில் நின்றான். அத்தை நீங்க வந்தாத்தான் ஆச்சு, நீங்க பாரம்பரியம், ஆத்துல கரடி வந்தா அது வனவிலங்கு, டிக்கெட்ல ரெண்டும் போட்டிருக்கு என்றான். கரடிக்கு முழங்கால் வலிக்காதுடா, அதைக் கூட்டிட்டுப் போ என்றேன். கரடி நான் சொன்னா கேக்காது அத்தை என்றான். நீ சொன்னால் நான் மட்டும் கேட்பேனா என்று சொல்லிக்கொண்டே கோட்டை மாட்டினேன். அவன் அம்மா மேவிஸ் 1974இல் என் மீனை ஜாடியில் அடைக்கிற குக்கரை வாங்கிக்கொண்டு போய் ரப்பர் வளையம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தவள், அது அவன் தப்பில்லை.

ஆறு வளைகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். இலை கொட்டிய மரங்களில் கழுகுகள், கிளைக்கு ஐந்து ஆறு என்று, கடைசியாக வருகிற சால்மன் மீன் இன்னும் ஆற்றில் ஏறிக்கொண்டிருந்தது. ஹோவர்ட் பீரங்கி மாதிரி ஒரு கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னலை இறக்கினேன். அந்த வளைவுதான் ரோவீனா, நாங்கள் சின்னதாக இருக்கும்போது ஆகஸ்டிலிருந்து பனி விழும்வரை கூடாரம் போட்ட இடம். உனக்குத் தெரியாது, நீ பிறப்பதற்குள் வெள்ளம் கரையைத் தின்றுவிட்டது. அம்மா தண்ணீர் ஓரம் பலகை போட்டு மீன் அறுப்பாள், எல்மரும் நானும் குடலை எடுத்துப் போய் ஆற்றில் விடுவோம், கழுகுகள் கல்மேல் உட்கார்ந்து எங்களையே பார்க்கும். நம் ஜனமே இரண்டு பக்கம், நாம் அண்டங்காக்கைப் பக்கம், நம்மைக் கட்டினவர்கள் எல்லாம் கழுகுப் பக்கம், அதனால் அம்மாவுக்கு அந்தப் பறவை முழுவதும் மாமியார் வீடு. என்ன கொழுந்தனாரே, வேலை முடிஞ்சதும்தான் வருவீங்களா, விறகு பொறுக்கக் கூப்பிட்டப்ப எங்க போனீங்க என்று கத்தி நுனியை ஆட்டிக்கொண்டு கேட்பாள். அப்பா கூடாரத்துக்குள் இருந்தபடி, எங்க ஆளுங்களை ஏன் திட்டுற என்பார். திட்டலை, விசாரிக்கிறேன் என்பாள். அந்தச் சிரிப்பு, ஈரக் கம்பளி, ஆல்டர் விறகுப் புகை, கையில் ஒட்டின செதிள் காய்ந்து வெள்ளியாகப் பொரிவது, எல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. நானும் வாயைத் திறந்து ஒரு கிழட்டுக் கழுகைப் பார்த்து, வெட்கமில்லையா கொழுந்தனாரே, தொப்பையைப் பாருங்க என்றேன். கிளிஃப்டன் அதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னான், ஜூடித் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதட்டும், கழுகுக்குத்தான் மானம் போயிற்று.

பிறகு கொட்டகைக்குப் போனோம். நான் ஒரு மீனை அறுத்துக் காட்டினேன். யாராவது செய்து பார்க்கிறீர்களா என்று கிளிஃப்டன் வழக்கம்போலக் கேட்டான், வழக்கம்போல எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அந்த வினிஃப்ரெட் மட்டும் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். என் வயது இருக்கும், புருஷன் போய் ஒரு வருஷம் ஆனவள். ஏரிக்கரையில் வளர்ந்தவளாம். அம்மா கட்டுகிற மாதிரியே தலையில் துணி கட்டியிருந்தாள். கத்தியை வாங்கி, துடுப்புக்குப் பின்னால் வைத்து, ஒரே இழுப்பில் வால்வரை கொண்டுபோய், வாலை அறுக்காமல் நிறுத்தினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிளிஃப்டனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையைத் தட்டி, பாட்டியே வந்துட்டாங்கடா என்று கத்தினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். விருந்தில் பெயர் வைக்கும்போது செய்வதுபோல அவள் தலைக்குமேல் கையைத் தூக்கி, என் அம்மாவின் பெயரைச் சொன்னான்.

மார்த்தா என்று பள்ளிக்கூடத்தார் வைத்த பெயரைச் சொல்லவில்லை, அது கல்லறைக் கல்லில் இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மற்றதை, நம் பாஷையில் உள்ளதை. அதை இந்தத் தாளில் எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். அம்மா போய் வருஷ விருந்து முடிந்த அன்றைக்கு, இனி ரோவீனா வயிற்றில் பெண் பிறந்தால்தான் இதைக் கூப்பிடுவது என்று நானும் எல்மரும் எல்லோர் முன்னாலும் சொல்லி எடுத்துவைத்த பெயர். பத்து வருஷம் யார் வாயிலும் வரவில்லை. கிளிஃப்டன் இரண்டு குளிர்காலம் அம்மா வீட்டில் வளர்ந்தவன், அவனுக்கு அந்தப் பெயர்மேல் பிரியம் உண்டு, உரிமை இல்லை. பிள்ளைகள் அம்மா பக்கம்தானே, மேவிஸ் பெற்ற பிள்ளை, அவன் கழுகுப் பக்கம். நம் பெயரை அவன் ஆயிரம் தடவை கத்தினாலும் அது வேடிக்கைதான், காற்றோடு போய்விடும். அவர்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு விதமாகத் திருப்பிச் சொன்னார்கள், அதுவும் ஒன்றுமில்லை.

நான் சொன்னேன் ரோவீனா. வேறு யாரும் கணக்கில்லை, நான் சொன்னேன். எழுபது வருஷமாக விருந்துகளில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டால் கூடச் சேர்ந்து சொல்லிப் பழகின வாய். அந்தச் சத்தத்தைப் புகையில் கேட்டதும், தலைத்துணியும் கத்தியும் கண்ணில் பட்டதும், நான் யோசிப்பதற்கு முன்னால் அது சொல்லிவிட்டது. முணுமுணுக்கவும் இல்லை, நன்றாக, தொண்டையிலிருந்து, சொல்ல வேண்டியபடி சொன்னேன். எதிரே எல்மர் நின்றான். ஹோவர்டின் பீரங்கி டிக் டிக் என்று காதில் குத்துகிறது என்று காது மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தான். என் உதடு அசைவதைப் பார்த்து, அக்கா மீனுக்கு ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்து, வீட்டுத் தலைவருக்கு உரிய மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினான். பெயர் உள்ள பக்கத்தில் ஒருத்தி சொல்லியாயிற்று, தலைவர் தலையாட்டியாயிற்று, எதிர்ப்பக்கத்து ஆள் கிளிஃப்டன் சாட்சியாக நின்றாயிற்று. இதற்குமேல் ஒரு பெயர் நிற்பதற்கு என்ன வேண்டும். கிளிஃப்டன் முகம் சாம்பலாகிவிட்டது. அத்தை, நீங்களுமா சொன்னீங்க என்றான். கத்தியைக் கழுவி வைடா என்றேன். வினிஃப்ரெட் என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அப்போதாவது, அம்மா இது விளையாட்டு, மறந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வாயில் இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது. மெதுவாக, சரியாகச் சொல்லும்வரை சொல்லிக் கொடுத்தேன். இதைக் கிளிஃப்டனிடம்கூடச் சொன்னதில்லை.

உனக்கு அப்போது மூன்றாம் மாசமோ என்னவோ, நீ இன்னும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போன் செய்து பெண் என்று சொன்னாயே, நான் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன், அம்மா அழறியா என்று கேட்டாய், ஆமாம் என்றேன். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாய். போகட்டும் என்றுதான் இருந்தேன், ஒஹாயோக்காரி மறந்திருப்பாள், எல்மரும் நானும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று. மார்ச் மாசம் அவளிடமிருந்து ஒரு அட்டை வந்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம், தான் அந்தப் பெயரைப் பற்றிச் சொன்னதும் மகள் அழுதுவிட்டாளாம், குழந்தைக்கு இரண்டாவது பெயராக அதையே வைத்துப் பதிவும் செய்துவிட்டார்களாம், போட்டோவும் இருந்தது, சிவந்த மூஞ்சி, கோபமான மூஞ்சி. பெயரை எழுதியிருந்தாள். எழுத்து தப்பு, ஆனால் வாய்விட்டுப் படித்தால் அம்மா அடுப்புப் பக்கமிருந்து திரும்பிப் பார்க்கிறாள். அம்மா தன் பெயரை எழுத்தில் பார்த்ததே இல்லை. அட்டையை மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், எடுத்து எடுத்துப் பார்த்து ஓரம் நைந்துவிட்டது.

எல்மரிடம் காட்டினேன். மிஷினைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கேட்டான். எழுதித் திருப்பிக் கேட்டுடலாம் அக்கா என்றான். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். பத்து நாள் குழந்தையிடம் என்னவென்று கேட்பது, கொடுத்தவள் நான்தானே என்றேன். அப்ப அக்டோபர் விருந்துல எழுந்து நின்னு சொல்லிடு, கழுகுப் பக்கத்தார் எல்லாரும் இருப்பாங்க, வாய் தவறிச் சொன்னேன், அந்தப் பிள்ளை அங்க இருக்கட்டும், இப்ப முறைப்படி ரோவீனா பிள்ளைக்குக் கூப்பிடுறோம்னு சொல்லு, ரெண்டு பேரும் ஒரே பெயர்க்காரங்களா இருந்துட்டுப் போறாங்க என்றான். சொல்வது சுலபம். முன்வரிசையில் யார் உட்காருவார்கள் தெரியுமா, லில்லியன். 1982இல் அவள் தன் பேரனுக்குப் பெயர் கூப்பிடும்போது ஒரு அசையைத் தப்பாகச் சொன்னாள் என்று நான் எழுந்து விருந்தையே நிறுத்தினேன். அவள் அழுதுகொண்டே உட்கார்ந்தாள், நான் உட்காரவில்லை, அவள் சரியாகச் சொல்லும்வரை நின்றேன். அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக, ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த அக்டோபரிலும் பார்ப்பார்கள். சொல்லத்தான் போகிறேன். தப்புச் செய்தவர்கள் எதிர்ப்பக்கத்துக்குச் சாப்பாடு போட்டுப் போர்வை கொடுக்க வேண்டும், ஒன்பது போர்வை ஆயிற்று, இன்னும் பதினொன்று, பெர்ரி இந்தக் கோடையில் நாற்பது ஜாடியாவது போட வேண்டும், கிளிஃப்டன் பறித்துத் தருகிறேன் என்றிருக்கிறான்.

ஆனால் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான். காலி மடிக்குப் பெயர் கூப்பிட முடியாது. வேலை, லீவு, டேரலின் அம்மா என்று நீ சொல்வதெல்லாம் எனக்குத் தெரியும், போன தடவையும் சொன்னாய், அதற்கு முந்தின தடவையும். இந்த அக்டோபர் தவறினால் அடுத்த விருந்துக்கு எத்தனை வருஷமோ, அதற்குள் அந்தச் சத்தத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்த வாய் இங்கே இருக்குமோ என்னவோ. அப்புறம் உன் பாட்டி ஒஹாயோவில் மட்டும்தான் இருப்பாள், அதுவும் தப்பு எழுத்தில்.

காய்ந்த மீனும் இரண்டு ஜாடி மீன் எண்ணெயும் பார்சலில் வருகிறது, வந்த அன்றைக்கே குளிர்பெட்டியில் வை, போன வருஷம் மாதிரி காரில் விட்டுவிட்டு என்னைக் குறை சொல்லாதே. கனமானதைத் தூக்காதே. மீன் தலையைக் கொதிக்கவைத்துக் குடி, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடி. டேரலிடம் தொட்டிலைக் காற்றாடிக்கு நேராகப் போட வேண்டாம் என்று சொல். விமான டிக்கெட்டை ஜூலைக்கு முன்னால் எடு, ஜூனோவிலிருந்து வரும் படகுக்கு எல்மர் வந்து நிற்பான், மிஷினைப் போட்டுக்கொண்டு.

உனக்கும் வயிற்றிலிருப்பவளுக்கும் முன்னால் போனவர்கள் எல்லோரும் துணை நிற்கட்டும், பிரசவம் சுகமாக ஆகட்டும். கிளிஃப்டனை இந்தக் காரியத்தில் பிப்ரவரியிலேயே மன்னித்துவிட்டேன், பிரியத்தில் கத்தினான். எல்மரையும் மன்னித்தாயிற்று, காது கேட்காதவனிடம் எத்தனை நாள் கோபிப்பது. அந்த ஒஹாயோ அம்மாளை மன்னிக்க ஒன்றுமே இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். நீ வந்து விருந்து நல்லபடியாக முடிந்தாலும், லில்லியனே எழுந்து வந்து கையைப் பிடித்தாலும், நான் மன்னிக்கப்போவதில்லை என்று இருப்பது ஒருத்தியைத்தான், அவள் பெயரைக் கீழே போட்டிருக்கிறேன்.

உன் அம்மா
செலினா