பள்ளிக்கூட மூலையில் வடக்கே

கார்வின் கவுண்டி, நெப்ராஸ்கா
ஏப்ரல் 27

அன்பு மகள் ரோண்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் ஒன்பது கோழிகளும் இருக்கிறோம். அங்கே ஆங்கரேஜில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அங்கே இன்னும் பனி விழுகிறது என்றாய், குழந்தையைக் காது மூடாமல் வெளியே அனுப்பாதே. கடிதம் எழுதுவதெல்லாம் உன் அம்மாவின் வேலை, கடைசியில் 'அப்பாவும்' என்று ஒரு வார்த்தை சேர்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும், அதனால் எழுத்து கோழி கிளறினாற்போல் இருந்தால் பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும் மழை வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நீ அனுப்பிய உறை வந்து பத்து நாளாகிறது. லூமிஸ் கவுண்டி ஆம்புலன்ஸ்காரர்கள்மேல் நீ எழுதியிருக்கும் புகாரை நாலு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், வண்டி ஓட்டிய மார்லா கெசலின் கவனக்குறைவால் முப்பத்தைந்து நிமிஷம் வீணாயிற்று, அவளுடைய சான்றிதழை ரத்து செய்ய வேண்டும் என்று ஒரு சொல் கூடாமல் குறையாமல் எழுதியிருக்கிறாய். பென்சிலால் குறி போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றிருந்தாய். போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஊர் விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் தைரியம் வரவேண்டும்.

பக்கத்து நிலத்து லீலண்ட் பார்டெக் மாடுகளையெல்லாம் விற்றுவிட்டான். ஆகஸ்டில் ஒமாஹாவில் மகன் வீட்டுக்குப் போகிறான், அங்கே அவனுக்குத் தரைக்குக் கீழே ஒரு அறையாம். அவனும் போய்விட்டால் இந்தச் சாலையில் விளக்கெரியும் வீடு இது ஒன்றுதான். தேவாலயத்துக்குப் பாதிரியார் இனிமேல் மாதம் ஒரு ஞாயிறுதான் வருவார். அம்மாவின் அடக்கத்தன்று சாப்பாடு சரியில்லை என்று நீ முகத்தைச் சுளித்தாய், நான் பார்த்தேன். நம் சபையில் சாவு வீட்டுச் சாப்பாடு செய்கிறவர்கள் மூன்றே பெண்கள், அதில் உருளைக்கிழங்கு சாலட் செய்கிறவள் உன் அம்மா. அதனால் அன்றைக்கு அது இல்லை, எல்லோரும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனார்கள். கவுண்டியையே லூமிஸோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. எவனோ ஒருத்தன் நிலத்தைப் பார்க்காமலே அளவுகோல் வைத்துச் சதுரமாகக் கோடு கிழித்து, மைலுக்கு ஒரு சாலை என்று போட்டுக் கொடுத்தான், அதை நம்பி என் தாத்தா செக் நாட்டிலிருந்து வந்தார். நாலாயிரம் பேர் இருந்த சதுரத்தில் இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். கோட்டை அழித்தால் அழித்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் வருத்தப்படக்கூடத் தெம்பில்லை.

அந்தப் பச்சைத் தகரத்தைப் பற்றி உனக்குத் தெரியாது. நீ கல்லூரிக்குப் போனபிறகு ஒரு வருஷம், ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி, கவுண்டியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எண் போட்ட தகரப் பலகை வைக்கச் சொன்னார்கள். குழி தோண்டி நட்டவன் யார், நான்தான். மூலைக்கு மூலை சாலை எண் பலகையையும் நான்தான் நட்டேன். முப்பத்தோரு வருஷம் கிரேடர் ஓட்டி இந்த மண்சாலைகளைச் சீவியவனுக்கு எண் ஒரு கேடா என்று எல்லாரிடமும் சிரித்தேன். ஊரெல்லாம் நட்டுவிட்டு வந்து, நம் வாசலில் நட்டதை மட்டும் மறுவாரமே பிடுங்கி, கோழிக்கொட்டகையில் நரி நுழையும் ஓட்டையில் வைத்து ஆணியடித்தேன். உன் அம்மா, "அதை மறுபடி நட்டு வைங்க, என்னைக்காவது தேவைப்படும்"னு ரெண்டு தடவை சொன்னாள். "ஏன், உனக்கு வீட்டுக்கு வழி மறந்துடுமா?"ன்னு கேலி பண்ணினேன். அவளும் சிரித்துவிட்டாள்.

இங்கே வழி சொல்லும் விதம் உனக்குத் தெரியாததா. நாம் இந்த வீட்டில் நாற்பத்துநாலு வருஷம் இருக்கிறோம், இன்றைக்கும் இது டோர்ன் வீடுதான். டோர்ன் நமக்கு விற்றுவிட்டுப் போய் எங்கேயோ செத்தும் போனார். இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு உன் பெயர் வரவேண்டுமானால் நீ அதைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. அன்றைக்கு மத்தியானம் ரெண்டு மணி, நல்ல வெயில், காற்றுகூட இல்லை. உன் அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "கை கனக்குதுங்க, நெஞ்சுல ஏதோ அழுத்துது"ன்னாள். முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. நீ வாங்கித்தந்த கைபேசியில் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். அதுவே இடத்தைக் காட்டிவிடும் என்று நீ சொல்லியிருந்தாய், இங்கே அது பதினோரு மைலுக்கு அப்பால் இருக்கிற கோபுரத்தைத்தான் காட்டியது. நம் கவுண்டி ஆம்புலன்ஸை ஆள் இல்லை என்று மூடி ரெண்டு வருஷமாகிறது, லூமிஸிலிருந்துதான் வரவேண்டும், முப்பத்தெட்டு மைல். போனை எடுத்த பெண் விலாசம் கேட்டாள். நான், "கிழக்கே வந்தா நீல்சன் வீடு தாண்டி, பள்ளிக்கூட மூலையில வடக்கே திரும்பணும், ரெண்டாவதா இருக்கறது டோர்ன் வீடு"ன்னு சொன்னேன். அவள், "எண் சொல்லுங்கய்யா, எண் இருந்தாத்தான் வண்டிக்குச் சொல்ல முடியும்"னாள். "என்னம்மா எண்ணு, அதான் வழி சொல்றேன்ல, இந்தச் சாலையெல்லாம் போட்டவனே நான்தான்"னு அவளிடம் கத்தினேன்.

ரோண்டா, நீல்சன் வீட்டை இடித்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பள்ளிக்கூட மூலையில் பள்ளிக்கூடம் இல்லை, நீ பிறப்பதற்கு முன்பே அதைக் கட்டடத்தோடு பெயர்த்துச் சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். நான் வழி சொன்னதில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லை.

இன்னும் இருக்கிறது. நான் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது உன் அம்மா நாற்காலியிலிருந்தே அந்த எண்ணைச் சொன்னாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து உறைகளில் எல்லாம் அவள்தானே எழுதுவாள், அவளுக்கு அது மனப்பாடம். மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நான் கையைக் காட்டி அடக்கினேன். "நீ பேசாம இரு அர்லீன், நான் பேசிக்கிறேன்"னு சொன்னேன். அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

மார்லா மேற்கேயிருந்து வந்தாள். வழியில் நமக்கு நாலு மைல் முன்னால் கதவில்லாத வேறொரு பழைய பள்ளிக்கூடம் நிற்கிறதே, அதைப் பார்த்ததும் அங்கே வடக்கே திரும்பிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் திரும்பியிருப்பார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தட்டை நிலத்தில் எது தப்பும், தூரத்தில் புழுதி கிளம்பியது தெரிந்தது, புழுதியைப் பார்த்தே வண்டி என்ன வேகம் என்று சொல்கிறவன் நான். அந்தப் புழுதி நேரே வராமல் வடக்கே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. அங்கே ஓடைப் பாலம் விழுந்து ஆறு வருஷமாகிறது, அந்தச் சாலை எங்கேயும் போகாது. ஓடிவந்து மறுபடி போன் போட்டு, வண்டி தப்பான சாலையில் போகிறது என்றேன். உன் அம்மா, "வந்துட்டாங்களா?"ன்னு கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று சொன்னேன். அப்போது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, ரோண்டா. அவளைத் தூக்கி டிரக்கில் போட்டுக்கொண்டு எதிரே போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். அசைக்கக் கூடாது என்று போனில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் கேட்டேன். வண்டி வாசலுக்கு வரும்போது அவள் போய்ப் பத்து நிமிஷமாகியிருந்தது.

நீ வந்திருந்த ஐந்து நாளும் ஆம்புலன்ஸ்காரியைத் திட்டித் தீர்த்தாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். நீ விமானம் ஏறிப்போன மறுவாரம் அந்த மார்லா ஒரு பாத்திரத்தில் நூடுல்ஸ் கறி செய்துகொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும், ரெண்டு பிள்ளைகள், கூலி இல்லாமல்தான் வண்டி ஓட்டுகிறாள், பிழைப்புக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அம்மா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, "பள்ளிக்கூடம்னாங்கய்யா, நான் திரும்பிட்டேன், தப்பாத் திரும்பிட்டேன்"னு அழுதாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு"ன்னு மன்னிக்கிறவன் மாதிரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். நினைத்தால் என் கை எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் உறை வந்தபிறகு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லூமிஸுக்குப் போனேன், முந்தாநாள். அவள் வீட்டு வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், எண் உள்பட. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீங்க எப்ப சொல்லியிருக்கணும் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டாள். ஆம்புலன்ஸ் வேலையை ஒரு வாரம் முன்பே விட்டுவிட்டாளாம், அவசர அழைப்பு வந்தால் ஒலிக்கும் பேஜரையும் சீருடையையும் கொடுத்துவிட்டாளாம். மறுபடி போகச் சொல்லிக் கெஞ்சினேன். இனி அந்த வண்டிச் சாவியைத் தொடமாட்டேன் என்றாள். அவளோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள், இப்போது நாலு, வாரத்தில் மூன்று நாள் வண்டி எடுக்க ஆளில்லையாம். அதுவும் நான் செய்ததுதான்.

அதனால் அந்தப் புகாரை அனுப்பாதே கண்ணு. அந்தச் சான்றிதழ் போனால் முதியோர் இல்லத்து வேலையும் போய்விடும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள். கண்டிப்பாக யாரைப் பற்றியாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் என்னைப் பற்றி எழுது, அதில் கையெழுத்துப் போடுகிறேன். என்னிடம் நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்கு ரெண்டு வரி எழுது. அங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டாய். இதைப் படித்தபிறகும் கூப்பிடுவாயா என்று தெரியவில்லை, கூப்பிட்டாலும் வர மனமில்லை. உன் அம்மா வாயடைத்து உட்கார்ந்த இடம் இது, இதைவிட்டு எங்கே போவேன். நேற்று லீலண்ட், விற்ற மாடுகளை ஏற்றிப்போக வரும் வியாபாரிக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். டோர்ன் வீடு என்று சொல்லவில்லை, நம் பெயரைச் சொல்லி, "வாவ்ரா வீட்டைத் தாண்டி வாங்க"ன்னான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், அவன் கவனிக்கக்கூட இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், என் வாய்ச்சொல்லுக்குப் பலன் உண்டோ இல்லையோ, உன் அம்மாவின் ஆசி உங்கள்மேல் இருக்கும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். நான் ரெண்டு நாள் போன் எடுக்காவிட்டால் நீ அங்கிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வழி சொல்ல வேண்டியிருக்கும். நீல்சன், டோர்ன், பள்ளிக்கூடம் என்று ஒன்றும் சொல்லாதே. இன்று காலை கொட்டகையிலிருந்து தகரத்தைப் பிடுங்கி வாசலில் நட்டுவிட்டேன், அதிலுள்ள எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன், உன் அம்மா சொன்னது போலவே ஒவ்வொரு எண்ணாகச் சொல். வர ஆள் இருக்கிற நாளா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொல்.

இப்படிக்கு உன் அப்பா,
மெர்வின் வாவ்ரா
7 4 2 1 6, 418ஆம் சாலை